லைசின்: உணவிலும் மாத்திரையிலும்



இன்று மருந்துக் கடைக்குச் சென்றால் மருந்தைவிடச் சத்து டப்பாக்களே முதலில் கண்ணில் படுகின்றன. உயரமாக வளர ஒன்று, உடல் தேற ஒன்று, முடி உதிராமல் இருக்க ஒன்று என வண்ண வண்ணக் குடுவைகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் மேலுறையைத் திருப்பிப் படித்தால் “அமினோ அமிலங்கள்” என்னும் சொல் பலமுறை வரும். அச்சொல் நமக்குப் புதிதன்று. மனையியல் வகுப்பில் புரதம் பற்றிப் படிக்கும்போது நாம் கற்றதுதான். பாடத்தில் படித்த பொருளே கடையில் குடுவைக்குள் அடைத்து விற்கப்படும்போது, அதை வாங்கி உண்பது நமக்கு அவசியமா, உண்பதில் தீங்கு ஏதும் உண்டா என்னும் ஐயங்கள் எழுவது இயல்பே.

அமினோ அமிலங்கள் பலவற்றுள் லைசின் என்ற ஒன்றை மட்டும் இக்கட்டுரையில் எடுத்துக்கொள்கிறோம். இதற்குக் காரணம் உண்டு. சோறே முதன்மை உணவாக உடைய நம் போன்றோரின் உணவில் எளிதில் குறைபடக் கூடிய அமினோ அமிலம் இதுவே.

புரதமும் பூச்சரமும்

பருப்பு, பால், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில் புரதம் உண்டு என்பதைச் சிறு வகுப்பிலேயே படித்திருக்கிறோம். புரதம் என்பது ஒரே பொருள் அன்று. அமினோ அமிலம் எனப்படும் சிறு சிறு கூறுகள், நூலில் தொடுத்த பூக்களைப் போல வரிசையாக இணைந்து நீண்ட சரமாக அமைவதே புரதமாகும். நாம் உண்ணும் புரதத்தைக் குடல் தனித்தனி அமினோ அமிலங்களாகப் பிரிக்கிறது. உடல் அவற்றை எடுத்துத் தனக்கு வேண்டிய வரிசையில் மீண்டும் தொடுத்து, தசையாகவும் தோலாகவும் இரத்தப் புரதமாகவும் ஆக்கிக்கொள்கிறது.

நம் உடற்புரதங்களில் 20 வகை அமினோ அமிலங்கள் உள்ளன. இவற்றுள் 11 வகைகளை உடல் தானே உண்டாக்கிக்கொள்ள வல்லது. எஞ்சிய 9 வகைகள் உணவின் மூலமே வந்தாக வேண்டும். ஹிஸ்டிடின், ஐசோலியூசின், லியூசின், லைசின், மெத்தியோனின், பினைல்அலனின், திரியோனின், டிரிப்டோபான், வாலின் என்பன அவை. இவற்றை இன்றியமையா அமினோ அமிலங்கள் என்பர்.

மல்லிகை, கனகாம்பரம், மரு மூன்றையும் மாற்றி மாற்றித் தொடுத்துக் கதம்பச் சரம் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். மல்லிகை கூடை நிறைய இருக்கிறது. கனகாம்பரம் மட்டும் தீர்ந்துவிட்டது. சரம் அத்துடன் நின்றுவிடும். மீந்த மல்லிகை வாடிப்போகும். உடலிலும் இவ்வாறே நடைபெறுகிறது. ஒன்பதில் ஒன்று குறைந்தாலும் புரதம் தொடுப்பது தடைப்படுகிறது. பயன்படாத மற்ற அமினோ அமிலங்களை உடல் சேமித்து வைப்பதில்லை. அவற்றை எரித்துச் சக்தியாக்கி, நைட்ரஜன் பகுதியை யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் வெளியேற்றிவிடுகிறது. அரிசி உணவில் கனகாம்பரம் போல முதலில் தீர்ந்துபோவது லைசினே.

லைசினை அறிந்த வரலாறு

1889ஆம் ஆண்டில் எட்மண்ட் டிரெக்செல் என்னும் ஜெர்மானிய விஞ்ஞானி, பாலில் உள்ள கேசின் என்ற புரதத்திலிருந்து லைசினைப் பிரித்தெடுத்தார். ஆனால் அது உடலுக்கு எவ்வளவு தேவையானது என்பது மேலும் கால் நூற்றாண்டு சென்ற பின்னரே தெளிவாயிற்று.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் தாமஸ் ஆஸ்பர்ன், லாபாயெட் மெண்டல் என்னும் இரு விஞ்ஞானிகள் வெள்ளெலிகளைக் கொண்டு ஆராய்ந்தனர். 1914இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வு இன்றும் பாடநூல்களில் பேசப்படுகிறது. மக்காச்சோளத்தின் முக்கியப் புரதமாகிய சீன் என்பதில் லைசினும் இல்லை, டிரிப்டோபானும் இல்லை. மற்றச் சத்துகள் அனைத்தையும் கொடுத்து, புரதத்திற்குச் சீனை மட்டும் கொடுத்தபோது எலிகள் எடை குறைந்து நலிந்தன. டிரிப்டோபானைச் சேர்த்ததும் எடை குறைவது நின்றது. ஆனால் வளர்ச்சி இல்லை. அதனுடன் லைசினையும் சேர்த்த பிறகே அவை வளரத் தொடங்கின. உயிரைக் காப்பது வேறு, வளர்வது வேறு என்ற பேருண்மையை அந்தச் சிறு பிராணிகள் உலகுக்கு உணர்த்தின. வயிறு நிறைந்திருந்தும் வளர்ச்சி குன்றக் கூடும் என்பதை வளரும் வயதில் உள்ள நாம் மறத்தலாகாது.

இந்த அறிவு ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடவில்லை. லைசின் மிகுந்த ஒரு வகை மக்காச்சோளத்தை 1960களில் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் எட்வின் மெர்ட்ஸும் அவருடைய குழுவினரும் கண்டறிந்தனர். அதன் மணி மிருதுவாக இருந்தது, விளைச்சலும் குறைந்தது. ஆகவே உழவர்கள் அதை விரும்பவில்லை. பின்னர் மெக்சிகோவில் உள்ள சர்வதேச மக்காச்சோள கோதுமை ஆராய்ச்சி நிலையத்தில், எவாஞ்ஜெலினா வில்லேகாஸ் என்ற மெக்சிகோ நாட்டுப் பெண் விஞ்ஞானியும் சுரிந்தர் வாசல் என்ற இந்திய விஞ்ஞானியும் பல ஆண்டுகள் உழைத்து, நல்ல விளைச்சலும் நல்ல புரதமும் ஒருங்கே உடைய வகைகளை உருவாக்கினர். அம்மையார் தானியங்களின் புரதத் தரத்தை ஆய்வுக்கூடத்தில் அளந்து கூறுவார். வாசல் வயலில் பயிரைத் தேர்ந்தெடுப்பார். இவர்களுக்கு 2000ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது. அப்பரிசைப் பெற்ற முதல் பெண்மணி வில்லேகாஸ் அம்மையாரே. வேதியியல் படிக்கும் நம் தோழியர் இப்பெயரை நினைவில் வைத்துக்கொள்வார்களாக.

உடலில் லைசின் ஆற்றும் பணிகள்

முதலாவதாக, தசை வளர்ச்சிக்கும் தேய்ந்த திசுக்கள் புதுப்பிக்கப்படுவதற்கும் லைசின் தேவை. இரண்டாவதாக, எலும்பு, தோல், தசைநாண் ஆகியவற்றுக்கு உறுதி தரும் கொல்லாஜன் என்னும் புரதத்தில் இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து நிற்க லைசின் உதவுகிறது. இப்பணிக்கு வைட்டமின் சி-யும் வேண்டும். மூன்றாவதாக, கொழுப்பை எரித்துச் சக்தி பெற உதவும் கார்னிடின் என்ற பொருளை லைசின், மெத்தியோனின் ஆகிய இரண்டிலிருந்தே உடல் உண்டாக்குகிறது. நான்காவதாக, நோய்க் கிருமிகளை எதிர்க்கும் எதிர்ப்பொருள்களும் புரதங்களே. அவற்றுக்கும் லைசின் வேண்டும். குடலில் கால்சியம் உறிஞ்சப்படுவதற்கும் இது துணை செய்கிறது.

நமக்கு எவ்வளவு தேவை?

உலக சுகாதார நிறுவனமும் பிற ஐக்கிய நாட்டு அமைப்புகளும் 2007இல் வெளியிட்ட அறிக்கையின்படி, வயது வந்தோருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் லைசின் தேவை. 11 முதல் 14 வயது வரை உள்ளோருக்கு இது 35 மில்லிகிராம். 45 கிலோ எடையுள்ள 14 வயது மாணவி ஒருத்திக்கு, 45ஐ 35ஆல் பெருக்க 1,575 கிடைக்கிறது. சுமார் 1,600 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம்.

இனி உணவுப் பொருள்களில் உள்ள லைசினின் அளவைப் பார்ப்போம். கீழ்வருவன தோராயமான அளவுகள். தானியமும் பருப்பும் சமைக்கும் முன் நிறுத்தவை.

அரிசி 300 கிராம்: 850 மில்லிகிராம்
துவரம்பருப்பு 50 கிராம்: 700 மில்லிகிராம்
கொண்டைக்கடலை 30 கிராம்: 380 மில்லிகிராம்
நிலக்கடலை 30 கிராம்: 270 மில்லிகிராம்
பால் 200 மில்லிலிட்டர்: 500 மில்லிகிராம்
கோழி முட்டை ஒன்று: 400 மில்லிகிராம்
மீன் 50 கிராம்: 800 மில்லிகிராம்

நாள் முழுவதும் 300 கிராம் அரிசியைச் சமைத்து உண்டு, தொட்டுக்கொள்ள ஊறுகாயும் தெளிந்த ரசமும் மட்டுமே கொண்ட மாணவிக்குக் கிடைப்பது 850 மில்லிகிராமே. இது தேவையில் பாதியளவு. அவள் வயிறு நிறைந்திருக்கும், பசி இராது. எனினும் உடல் தொடுக்கும் சரம் பாதியில் நிற்கும். அதே சோற்றுடன் 50 கிராம் பருப்பைச் சேர்த்தால் 1,550 ஆகிறது. ஒரு குவளைப் பாலோ தயிரோ சேர்ந்தால் 2,050 ஆகிறது. உண்ட புரதம் முழுவதும் ஜீரணமாவதில்லை ஆதலால், கணக்கைவிடச் சற்று மிகுதியாக இருப்பதே நலம்.

பருப்புக்கும் ஒரு குறை உண்டு. அதில் மெத்தியோனின் குறைவு. அரிசியில் அது போதிய அளவு உள்ளது. ஆகவே ஒன்றன் குறையை மற்றொன்று நிறைவு செய்கிறது. பொங்கலில் பச்சரிசியும் பாசிப்பருப்பும், அடையில் அரிசியும் மூவகைப் பருப்பும், இட்லியில் அரிசியும் உளுந்தும் சேர்வதன் சிறப்பு இதுவே. நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்று இட்லிக்கு அரைத்தால், அந்த ஒரு பங்கு உளுந்து தரும் லைசின் நான்கு பங்கு அரிசி தருவதைவிடச் சற்று மிகுதியாகவே இருக்கும். அரிசியும் பருப்பும் ஒரே வேளையில்தான் சேர வேண்டும் என்பதில்லை. ஒரு நாளைக்குள் இரண்டும் வந்து சேர்ந்தால் போதும். காலையில் பழைய சோறு உண்டவர்கள் மாலையில் சுண்டல் உண்ணலாம்.

கோதுமை, கேழ்வரகு, கம்பு ஆகியவற்றிலும் லைசின் குறைவே. சப்பாத்திக்கு மாறிவிட்டதனால் இக்குறை நீங்கிவிடாது. சப்பாத்திக்கும் பருப்போ பயறோ துணை வேண்டும்.

சமையலில் கவனிக்க வேண்டியது

பருப்பை ஊறவைத்து வேகவைப்பதால் லைசினுக்குப் பெருங்கேடு வருவதில்லை. ஆனால் சர்க்கரைச் சத்துடன் சேர்ந்து அதிக உலர்ந்த வெப்பத்தில் பொன்னிறமாகச் சிவக்கும்போது லைசினின் ஒரு பகுதி உடலுக்குப் பயன்படாத வடிவத்திற்கு மாறிவிடுகிறது. 1912இல் இந்நிகழ்ச்சியை விவரித்த லூயி கமீல் மையார் என்னும் பிரெஞ்சு விஞ்ஞானியின் பெயராலேயே இது வழங்குகிறது. ரொட்டியின் சிவந்த மேற்புறம், பிஸ்கட், நன்றாகச் சிவக்க வாட்டிய ரொட்டித்துண்டு ஆகியவற்றில் இது நிகழ்கிறது. மணமும் சுவையும் கூடுவது உண்மைதான். லைசின் குறைவதும் உண்மை. தேநீரில் தோய்த்த பிஸ்கட்டைக் காலை உணவாகக் கொள்ளும் வழக்கத்தை விடுவது நன்று.

மாத்திரையாக வரும் லைசின்

கடையில் விற்கும் லைசின் எங்கிருந்து வருகிறது? கரும்புப் பாகு, மக்காச்சோளச் சர்க்கரை போன்றவற்றில் கோரினிபாக்டீரியம் என்னும் நுண்ணுயிரை வளர்த்து, மாவைப் புளிக்க வைப்பது போலப் பெரிய தொட்டிகளில் புளிக்க வைத்து எடுக்கிறார்கள். 1950களின் பிற்பகுதியில் ஜப்பானில் உருவான முறை இது. உலகில் ஆண்டுதோறும் இருபது லட்சம் டன்னுக்கு மேல் லைசின் தயாராகிறது. அதில் பெரும்பகுதி கோழித் தீவனத்திலும் பன்றித் தீவனத்திலும் சேர்க்கப்படுகிறது. தானியம் உண்ணும் கோழிக்கும் நம்மைப் போன்றே லைசின் பற்றாக்குறை வருவதே இதற்குக் காரணம்.

மனிதர் உணவிலும் லைசினைச் சேர்த்து ஆராய்ந்துள்ளனர். பாகிஸ்தானிலும் சிரியாவிலும் கோதுமையையே பெரிதும் நம்பி வாழும் எளிய குடும்பங்களுக்கு லைசின் கலந்த கோதுமை மாவு கொடுத்து நடத்திய ஆய்வுகள் 2004இல் வெளிவந்தன. பாகிஸ்தானில் ஊட்ட நிலையைக் காட்டும் சில அளவுகள் மேம்பட்டன. சிரியாவில் சிலருக்கு மனப் பதற்றம் குறைந்ததாகக் கண்டனர். ஒன்றை நாம் கவனிக்க வேண்டும்: இவர்கள் பருப்பும் பாலும் இறைச்சியும் போதிய அளவு கிடைக்காதவர்கள். குறையுள்ள இடத்தில் நிரப்பியதனால் நன்மை விளைந்தது. நிறைந்த குடத்தில் மேலும் ஊற்றினால் நீர் வழிந்துதான் போகும்.

உதட்டோரத்தில் திரும்பத் திரும்ப வரும் நீர்க்கொப்புளத்திற்கு லைசின் மாத்திரை நல்லது என்று பலர் நம்புகின்றனர். ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. கொப்புளம் வராமல் தடுக்கும் முறைகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளியான காக்ரேன் மதிப்பீடு, லைசின் அதைத் தடுக்கும் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை என்றே கூறியது. நல்ல உணவு உண்ணும் பிள்ளை மாத்திரையினால் மேலும் உயரமாக வளர்வாள் என்பதற்கும் ஆதாரம் இல்லை. உயரம் பெரும்பாலும் பெற்றோரிடமிருந்து வருவது. உணவும் உறக்கமும் நோயின்மையும் அதற்குத் துணை நிற்கின்றன.

விலையைப் பற்றி வீட்டில் பேசும்போது மற்றொரு கணக்கும் உதவும். மாத்திரைகளில் லைசின் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரைடு உப்பு வடிவில் இருக்கும். அவ்வுப்பு 500 மில்லிகிராமில் லைசின் ஏறக்குறைய 400 மில்லிகிராமே. இது ஒரு கோழி முட்டையில் உள்ள அளவு. முட்டையோ லைசினுடன் மற்ற எட்டு இன்றியமையா அமினோ அமிலங்களையும் வைட்டமின்களையும் சேர்த்துத் தருகிறது. மாத்திரையில் கனகாம்பரம் மட்டும் உண்டு. முட்டையில் சரம் முழுவதற்கும் வேண்டிய பூக்கள் உண்டு.

1989ஆம் ஆண்டு புகட்டிய பாடம்

அமினோ அமிலம் உணவில் உள்ள பொருள்தானே, அதனால் என்ன தீங்கு வரும் என்று கேட்கலாம். லைசினின் உறவாகிய டிரிப்டோபானின் கதை அதற்கு விடை கூறும். அமெரிக்காவில் நல்ல உறக்கம் வரும் என்று சொல்லி டிரிப்டோபான் மாத்திரைகள் மருத்துவர் சீட்டு இன்றி விற்கப்பட்டு வந்தன. 1989ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நியூ மெக்சிகோ மாநிலத்தில் மூன்று பெண்களுக்குக் கடுமையான தசைவலி கண்டது. அவர்கள் இரத்தத்தில் ஒருவகை வெள்ளணுக்கள் மிகப் பெருகியிருந்தன. மூவரும் டிரிப்டோபான் உட்கொண்டவர்கள் என்பதை மருத்துவர்கள் கேட்டறிந்தனர். செய்தி வெளிவந்ததும் பல மாநிலங்களிலிருந்தும் இதே நோய் பற்றிய தகவல்கள் குவிந்தன. ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். நலம் பெற்றவர்களிலும் பலர் நெடுங்காலம் வலியால் வருந்தினர்.

ஆராய்ந்தபோது, நோய்க்குக் காரணமான மாத்திரைகளில் இருந்த டிரிப்டோபான் பெரும்பாலும் ஜப்பானில் ஒரே தொழிற்சாலையில் புளிக்க வைத்துத் தயாரித்தது என்று தெரிய வந்தது. அங்கே நுண்ணுயிர் வகையையும் வடிகட்டும் முறையையும் சிறிது மாற்றியிருந்தனர். மிகச் சிறிய அளவில் வேறு பொருள்கள் அதில் கலந்திருந்தன. அளவுக்கு மிஞ்சிய டிரிப்டோபானும் உடலுக்குக் கேடு செய்திருக்கலாம் என்று கருதுவோரும் உண்டு. அமெரிக்க அரசு அம்மாத்திரைகளைக் கடைகளிலிருந்து திரும்பப் பெறச் செய்தது.

பருப்பையும் பாலையும் உண்ட எவருக்கும் இந்நோய் வரவில்லை. அமினோ அமிலம் உணவோடு வரும்போது சிறிது சிறிதாக, மற்றவற்றுடன் கலந்து வருகிறது. அதையே தனியாகப் பிரித்துப் பொடியாக்கும்போது, செய்தவரின் நேர்மையையும் தொழிற்சாலையின் தூய்மையையும் நம்பியே நாம் விழுங்குகிறோம். கண்ணாலோ நாவாலோ அதைச் சோதித்தறிய நம்மால் இயலாது.

பாதுகாப்பான உபயோகம்

லைசினைப் பொறுத்தவரை ஆறுதலான செய்தியும் உண்டு. 2020இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, பெரியவர்கள் நாளொன்றுக்கு 6 கிராம் வரை உட்கொண்ட ஆய்வுகளில் பெருந்தீங்கு காணப்படவில்லை என்றும், குமட்டல், வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு போன்றவையே முக்கியத் தொல்லைகள் என்றும் கூறுகிறது. இது பெரியவர்களுக்கான அளவு. வளரும் பிள்ளைகள் இதைத் தங்களுக்கு உரிய அளவாகக் கொள்ளலாகாது. “அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு” என்பது முன்னோர் மொழி. மருத்துவர் ஏதேனும் காரணத்தால் லைசின் மாத்திரை உட்கொள்ளச் சொன்னால் பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும்.

1. மருத்துவர் குறித்த அளவும் காலமும் மட்டுமே. நன்றாக இருக்கிறதே என்று அளவைக் கூட்டுவதோ பல மாதங்கள் தொடர்வதோ கூடாது.

2. சிறுநீரக நோய், கல்லீரல் நோய் உள்ளவர்களும், கருவுற்ற தாய்மாரும், பாலூட்டும் தாய்மாரும் மருத்துவரைக் கேளாமல் தொடவே கூடாது. லைசினைக் கையாள இயலாத அரிதான பிறவிக் குறை உள்ளவர்களுக்கு இது தீங்கானது.

3. லைசின் கால்சியம் உறிஞ்சப்படுவதை மிகுவிப்பதால், கால்சியம் மாத்திரை உட்கொள்வோர் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வேறு மருந்துகள் உட்கொள்வோரும் அவ்வாறே செய்க.

4. வாங்கும்போது மேலுறையைப் படியுங்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 14 இலக்க உரிம எண், தயாரிப்பாளர் முகவரி, ஒவ்வொரு பொருளின் அளவு, காலாவதி நாள் ஆகியவை இருத்தல் வேண்டும். 2016ஆம் ஆண்டு விதிகளின்படி இத்தகைய பொருள்களின் மேல் “மருத்துவப் பயன்பாட்டிற்கு அன்று” என்ற எச்சரிக்கையும் இருக்க வேண்டும். நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்யும் பொருளை ஐயத்துடன் நோக்குக.

5. உறையின்றிப் பொட்டலமாகக் கட்டித் தரும் பொடியையும், தோழி தந்தாள் என்று பெயர் தெரியாத மாத்திரையையும் வாங்கலாகாது.

6. ஈரமில்லாத இடத்தில், தம்பி தங்கையர் கைக்கு எட்டாதபடி வைக்க வேண்டும். மிட்டாய் என்று சொல்லிக் குழந்தைக்கு எந்த மாத்திரையையும் கொடுக்கக் கூடாது.

7. வயிற்றுக் கோளாறு, தோலில் தடிப்பு, தசைவலி போன்ற எது தோன்றினாலும் உடனே நிறுத்தி, குடுவையையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

உடற்கட்டுக்காக உண்ணும் புரதப் பொடிகளைப் பற்றியும் ஒரு சொல். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்களில் அவற்றைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தியுள்ளது. அந்நிறுவனம் 1918இல் நம் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவரின் கீழ் ஒரு சிறிய ஆய்வுப் பிரிவாகத் தோன்றி, பின்னர் ஹைதராபாத்துக்குச் சென்றது என்பது நாம் பெருமையுடன் நினைக்கத்தக்கது.

நம் இல்லங்களில் செய்யத்தக்கது

1982இல் தமிழ்நாட்டில் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் இன்று சோற்றுடன் முட்டையும், பயறும், கொண்டைக்கடலையும் வழங்கப்படுகின்றன. சோறு மட்டும் போதாது என்பதை அரசே ஏற்றுக்கொண்டதற்கு இது அடையாளம். வீட்டில் இதை நிறைவேற்ற வேண்டியவர்கள் நாம். ஆனால் பல இல்லங்களில் நடப்பது வேறு. முட்டை ஒன்றே இருந்தால் அது அண்ணனுக்கோ தம்பிக்கோ போகிறது. சாம்பாரின் அடியில் தங்கிய கெட்டிப் பருப்பு முதலில் உண்போருக்குப் போகிறது. கடைசியாக உண்ணும் அம்மாவுக்கும், அவருடன் அமரும் மகளுக்கும் மேலே தெளிந்த நீரே மிஞ்சுகிறது. மாதந்தோறும் இரத்தம் இழக்கும் வயதில், நாளை தாயாகும் உடல் அமையும் பருவத்தில், பெண்பிள்ளைக்குப் புரதம் குறைவது குடும்பத்திற்கே இழப்பாகும். ஆண்பிள்ளைக்குத் தருவதைக் குறைக்குமாறு நாம் வேண்டவில்லை. இருப்பதைச் சமமாகப் பகிரவே வேண்டுகிறோம்.

நம் தோழியர் சிலர் மெலிய வேண்டும் என்று பருப்பையும் பாலையும் ஒதுக்கி, இரண்டு பிஸ்கட்டுடன் பள்ளிக்கு வருகிறார்கள். விடுதியில் பருப்பைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்குவோரும் உண்டு. ஒதுக்கிய அந்தப் பருப்பில் உள்ளதைத்தான் பின்னர் குடுவையில் அடைத்துப் பல மடங்கு விலைக்கு விற்கிறார்கள் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பார்களாக.

செய்ய வேண்டியவை எளியவை. பரிமாறும் முன் சாம்பாரை அடிவரை கலக்கிவிட்டுப் பரிமாற வேண்டும். வாரம் மூன்று நாளேனும் மாலையில் பயறோ கடலையோ சுண்டலாக உண்ண வேண்டும். வாய்ப்புள்ள இல்லங்களில் ஒரு குவளைப் பாலும், முட்டையோ சிறு மீனோ சேர வேண்டும். எல்லாரும் ஒன்றாக அமர்ந்து உண்ண வேண்டும்; இயலாவிடில் அம்மாவுக்குரிய பங்கை முன்னரே எடுத்து மூடி வைக்க வேண்டும். சத்து மாத்திரை வாங்க எண்ணிய பணத்தில் முதலில் பருப்பு வாங்குவோம். அதன் பின்னும் குறை தெரிந்தால் மருத்துவரிடம் செல்வோம். மாத்திரை வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்யட்டும். சாம்பாரை அடிவரை கலக்குவதை இன்றே நாம் தொடங்குவோமாக.